ஊர் எல்லையில் 35: வெளியூர் வண்டிகளுக்கு விரிக்கும் வேகப்பொறி

தாமிரபரணிக்காரன் | அட்லாண்டா

சென்ற மாதம் குடும்பத்தோடு ஃபுளோரிடா கடற்கரைக்குக் கிளம்பினோம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அப்பாவும் அம்மாவும் பின் இருக்கையில். பெருஞ்சாலையில் விபத்து என்று சொல்லி, வழிகாட்டும் செயலி எங்களைத் தெற்கு ஜார்ஜியாவில் ஒரு மாநிலச் சாலைக்குத் திருப்பிவிட்டது. இருபுறமும் பைன் தோப்பு, எதிரே வண்டியே வராத இருவழிச் சாலை, வரம்பு 55 மைல். 54-ல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவு முடிந்ததும் ஊர்ப்பெயர்ப் பலகை. அதை ஒட்டியே 35 என்ற பலகை. காலை எடுத்து பிரேக்கில் வைப்பதற்குள், வலப்பக்கத்துத் தேவாலயத்தின் வாசலிலிருந்து நீல விளக்கு சுழன்றுகொண்டு வந்துவிட்டது.

வண்டியை ஓரங்கட்டி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டேன். அப்போது பின்னால் கதவுப் பிடியின் சத்தம் கேட்டது. அப்பா இறங்கப் பார்க்கிறார். "நீ இரு, நான் போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன்" என்கிறார். ஊரில் எந்தச் சோதனைச் சாவடியிலும் அவர் செய்கிற மரியாதை அது. இங்கே அப்படி இறங்கினால் காவலரின் கை எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது. "அப்பா, கையை எடுங்கள், அசையாதீர்கள்" என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவரை அதட்டினேன். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. காவலர் கண்ணியமாகத்தான் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அப்பா அதற்குப் பிறகு கடற்கரை போய்ச் சேரும்வரை வாய் திறக்கவில்லை.

35-ல் 54. அபராதம் 262 டாலர், ஓட்டுநர் உரிமத்தில் 3 பாயிண்ட், அதாவது தவறுக்கான புள்ளிகள். நீதிமன்றத் தேதி ஆறு வாரம் கழித்து, மாலை 6 மணிக்கு. என் வீட்டிலிருந்து ஒரு வழிப் பயணமே நான்கு மணி நேரம். வழக்கு நிலுவையில் இருப்பதால் ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கட்டிவிடுவதா, போவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உண்மைவிளம்பி | டாலஸ்

பலகையில் 35, நீங்கள் 54. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? வரம்பைத் தாண்டினோம் என்றால் பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் ஊரில் வரிசையை மீறுவதைக் குறை சொல்லிவிட்டு இங்கே வந்து பலகையைக் குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

கதிர் | ஜாக்சன்வில்

உண்மைவிளம்பி, நீங்கள் சொல்வது தனி ஓட்டுநருக்குப் பொருந்தும். அந்தப் பலகையை யார், எதற்காக அந்த இடத்தில் நட்டார்கள் என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடுவதில்லை.

ஃபுளோரிடாவில் நான் இருக்கும் பகுதியிலிருந்து கெய்ன்ஸ்வில் போக யு.எஸ். 301 சாலையில்தான் போக வேண்டும். லாடி, ஸ்டார்க், ஹாம்ப்டன், வால்டோ என்று வரிசையாகச் சிற்றூர்கள். வால்டோவில் சுமார் ஆயிரம் பேர்தான். அந்த ஊரைக் கடக்கும் இரண்டு மைல் தூரத்துக்குள் வரம்பு 65, 55, 45, 35 என்று இறங்கிப் பிறகு மறுபடி ஏறும். ஊரின் வருவாயில் ஏறத்தாழப் பாதி டிக்கெட்டிலிருந்து, அதாவது அபராதச் சீட்டிலிருந்து வந்தது. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான டிரிபிள் ஏ, லாடிக்கும் வால்டோவுக்கும் வெளியே 'இது வேகப்பொறி' என்று சொந்தச் செலவில் விளம்பரப் பலகையே வைத்தது. அதற்கும் அசையாத ஊர், 2014-ல் தன் காவலர்களாலேயே அசைந்தது. 12 மணி நேரப் பணிக்கு 12 டிக்கெட் எழுத வேண்டும் என்று தங்களுக்கு இலக்கு வைத்திருப்பதாக அவர்களே நகர மன்றத்தில் எழுந்து சொன்னார்கள். தலைமைக் காவலர் விலகினார். சில வாரங்களில் காவல் துறையையே மன்றம் கலைத்துவிட்டது.

ஹாம்ப்டன் கதை இன்னும் மோசம். 477 பேர் வசிக்கும் ஊர். 301 சாலை அந்த ஊர் வழியாகப் போகவே இல்லை; சற்றுத் தள்ளிப் போகிறது. ஆகவே 1990-களில் ஊர் எல்லையை நீட்டி, அந்தச் சாலையில் 1,260 அடியை மட்டும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. வீடில்லை, கடையில்லை, பள்ளியில்லை. கால் மைலுக்கும் குறைந்த வெறும் தார்ச்சாலை. அந்தத் துண்டில் சில ஆண்டுகளில் 12,000 டிக்கெட்டுக்கு மேல் எழுதினார்கள். மாநிலத் தணிக்கையாளர்கள் வந்து கணக்கைப் பார்த்தபோது, வந்த பணம் எங்கே போனது என்பதற்கே ஒழுங்கான ஆவணம் இல்லை. 2014-ல் ஊரையே கலைத்துவிடுவோம் என்று சட்டமன்றம் எச்சரித்த பிறகுதான் அந்த 1,260 அடியை விட்டுக்கொடுத்தார்கள். காவல் துறையும் போனது.

அந்தத் துண்டை இணைத்ததற்குக் குழந்தைகளின் பாதுகாப்பு காரணம் என்று யாராவது என்னிடம் சொன்னால், எந்தக் குழந்தை என்று திருப்பிக் கேட்பேன்.

கருவேலங்காடு | அலபாமா

நான் இப்படிப்பட்ட ஒரு சிற்றூரின் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக வேலை செய்கிறேன். வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த இழையில் ஊரின் பக்கம் நின்று பேச ஒருவர் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரின் முக்கியத் தெருவும் மாநில நெடுஞ்சாலையும் ஒன்றுதான். அதன் ஒரு பக்கம் நூலகம், எதிர்ப்பக்கம் தொடக்கப்பள்ளி. மரம் ஏற்றிய லாரிகள் நாள் முழுக்கப் போகின்றன. 55-ல் வருபவருக்கு அது வெறும் வழி; எங்களுக்கு அது வாசல். நடந்து போகிறவரை வண்டி மோதும் வேகம் 23 மைல் என்றால் பத்தில் ஒருவர் இறக்கிறார்; 42 மைல் என்றால் பாதிப்பேர் இறக்கிறார்கள். இதை நான் ஏட்டில் படித்தேன், பிறகு மேசையில் கிடத்திய உடல்களில் பார்த்தேன். போன இலையுதிர் காலத்தில் சைக்கிளில் சாலையைக் கடந்த ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். அவன் காலணி ஒன்றுதான் இருந்தது. மற்றதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கும்படி அவன் தாய் வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். எனவே 35 என்ற எண்ணை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் கதிர் சொல்வதையும் மறுக்க முடியாது. பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் புரூக்சைடு என்ற ஊர் இருக்கிறது. 1,253 பேர், போக்குவரத்து விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. 2020-ல் அந்த ஊரின் வருவாயில் பாதியளவு அபராதமும் பறிமுதலும்தான். 2022-ல் பத்திரிகை அதை வெளிக்கொண்டுவந்ததும் தலைமைக் காவலர் பதவி விலகினார். அதே ஆண்டில் போக்குவரத்து அபராதப் பணம் ஊரின் பட்ஜெட்டில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. எங்கள் ஊரில் காவலர் நூலக வாசலில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வண்டியை நிறுத்துகிறார். அவரைப் பார்த்ததுமே எல்லோரும் வேகத்தைக் குறைக்கிறார்கள். அவர் எழுதும் டிக்கெட் மிகக் குறைவு. இரண்டு வகைக் காவலுக்கும் உள்ள வித்தியாசம், வண்டியை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும்.

செம்மண் | கொலம்பஸ், ஒஹாயோ

டாக்டர் அம்மா சொன்னது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. வேகத்தடுப்பு வேறு, வசூல் வேறு.

எங்கள் நகரத்தின் மேற்கு எல்லையில் நியூ ரோம் என்று ஒரு கிராமம் இருந்தது. 'இருந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். 60 பேர், அவர்களுக்குப் பகுதிநேரக் காவலர்கள் பத்துக்கும் மேல். பிராட் தெருவில் 45 மைல் வரம்பு சட்டென்று 35 ஆகிவிடும். தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அந்தச் சில நூறு அடிக்குப் பயந்து மாற்று வழியில் சுற்றிப் போவார்கள். மாநிலம் வழக்குத் தொடுத்து 2004-ல் அந்தக் கிராம நிர்வாகமே கலைக்கப்பட்டது.

அதைவிட முக்கியமான ஒன்று. ஒஹாயோவில் இன்றும் மேயர் நீதிமன்றம் என்ற முறை உண்டு. ஊரின் கஜானாவுக்குப் பொறுப்பானவரே தீர்ப்புச் சொன்னால் எப்படி நடுநிலை இருக்கும்? 1927-ல் டூமி வழக்கில் உச்ச நீதிமன்றம், அபராதத்திலிருந்து தனக்குப் பங்கு கிடைக்கும் மேயர் விசாரிக்கவே கூடாது என்றது. 1972-ல் மன்ரோவில் கிராம வழக்கு. அந்த மேயர் சட்டைப்பையில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கிராம வருவாயில் பாதியளவு அவர் விதிக்கும் அபராதத்திலிருந்து வந்தது. அதுவே போதும், அவர் நடுவராக இருக்க முடியாது என்று தீர்ப்பு. வார்டு என்ற ஒருவர், தலா 50 டாலர் வீதம் இரண்டு அபராதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். நூறு டாலருக்கு இத்தனை பாடா என்று அவரைச் சுற்றி இருந்தவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்டும் போனார் என்பதால்தான் இன்று நமக்கு அந்தத் தீர்ப்பு இருக்கிறது.

உண்மைவிளம்பி | டாலஸ்

ஹாம்ப்டன் விவரம் எனக்குப் புதிது. நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். எங்கள் டெக்சஸிலும் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. 5,000 பேருக்குக் குறைவான ஊர், தன் வருவாயில் 30 சதவீதத்துக்கு மேல் நெடுஞ்சாலை அபராதத்தில் ஈட்டினால், மிச்சத்தை மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். மிசௌரியில் மேக்ஸ் கிரீக் என்ற குட்டி ஊர், ஏரிக்குச் சுற்றுலா போகிறவர்களை மறித்தே வாழ்ந்தது. அதன் பெயரிலேயே 1995-ல் சட்டம் வந்தது. முதலில் 45 சதவீதம் என்று இருந்த உச்சவரம்பு படிப்படியாகக் குறைந்து, அதே மாநிலத்து ஃபெர்குசனில் 2014-ல் காவலர் ஒருவர் கறுப்பின இளைஞரைச் சுட்டுக்கொன்றதால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு 2015-ல் 20 ஆனது. ஆனால் தாமிரபரணிக்காரன், இது எதுவும் உங்கள் 54-ஐ 35 ஆக்கிவிடாது.

நெய்தல் | சவானா

இது ஜார்ஜியா விவகாரம் என்பதால் நான் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஒரு சட்ட அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் உதவியாளராக இருக்கிறேன். பணத்தைக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள். பாயிண்ட் ஏறும், இன்சூரன்ஸ் தவணை ஏறும்.

ஜார்ஜியாவில் ஊர்க் காவலர் வேகம் அளக்கும் ராடாரை நினைத்த இடத்தில் பிடிக்க முடியாது. அதற்கு மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புத் துறை உரிமம் தர வேண்டும். காவல் வண்டி குறைந்தது 500 அடி தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். சரிவு 7 சதவீதத்துக்கு மேல் உள்ள இடத்தில் பிடிக்கக் கூடாது. பள்ளிப் பகுதி போன்ற சில இடங்கள் தவிர, வரம்புக்கு மேல் 10 மைல்வரை ராடாரை வைத்துத் தண்டிக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது இது: ஊர் எல்லைக்குள் வரம்பு குறையும் இடத்திலிருந்து 300 அடிக்குள் ராடாரில் எடுத்த அளவு சாட்சியமாகச் செல்லாது. ஊருக்கு வெளியே என்றால் 600 அடி. மாநில நெடுஞ்சாலைக் காவலருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஊர்க் காவலருக்கும் கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி) காவலருக்கும் உண்டு.

55 மைலில் போகிற வண்டி ஒரு நொடியில் 80 அடி போகும். 300 அடி என்பது நான்கு நொடிகூட இல்லை. பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைக்க ஓட்டுநருக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் மூச்சு அது. நீங்கள் சொல்லும் தேவாலய வாசல் பலகையிலிருந்து எத்தனை அடி? நீதிமன்ற நாளன்று வெளிச்சம் இருக்கும்போதே போய் அளந்து, படமெடுத்துக்கொள்ளுங்கள். அளவு சாதகமாக இல்லாவிட்டால் 'மறுக்கவில்லை' என்ற வாதத்தை, அதாவது குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே தண்டனையை ஏற்பதை, முன்வைக்க நீதிபதியிடம் கேளுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு இடமுண்டு, பாயிண்ட் ஏறாது.

மணிமுத்தாறு | ரிச்மண்ட், வர்ஜீனியா

விசாவில் இருப்பவர்கள் என் மாநிலத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே வரம்புக்கு மேல் 20 மைல் போனாலோ, எந்தச் சாலையிலும் 85-ஐத் தாண்டினாலோ அது வெறும் டிக்கெட் இல்லை; பொறுப்பற்ற ஓட்டம் என்ற குற்றம். 12 மாதம்வரை சிறை, 2,500 டாலர்வரை அபராதம் விதிக்க இடமுண்டு. தண்டனை ஆகிவிட்டால் குற்றப் பின்னணி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதைச் சொல்லியாக வேண்டும். என் அறைத்தோழன் ஒருவன் அதைத் தபாலில் பணம் கட்டித் தீர்க்கும் விஷயம் என்று நினைத்து, ஆஜராகாமல் விட்டுவிட்டான். பிறகு அவன் பட்ட அலைச்சலைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வேறு மாநிலத்து டிக்கெட்தானே என்று எந்த மாநிலத்து டிக்கெட்டையும் குப்பையில் போடாதீர்கள். பெரும்பாலான மாநிலங்களுக்கு இடையே உடன்படிக்கை இருக்கிறது. பதில் சொல்லாவிட்டால் உங்கள் மாநிலமே உரிமத்தை நிறுத்திவைக்கலாம்.

பொருநை மகள் | பாஸ்டன்

வெளியூர்க்காரரைக் குறிவைக்கிறார்கள் என்பது நம் மனப்பிரமையா என்று இங்கே பலருக்கும் சந்தேகம் இருக்கும். பிரமை இல்லை. மாசசூசெட்ஸில் 2001-ல் நடந்த வாகன நிறுத்தங்களை வைத்து இரண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2009-ல் வெளியானது. வெளியூர் ஓட்டுநருக்கு எச்சரிக்கைக்குப் பதில் அபராதம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வீடு நீதிமன்றத்திலிருந்து எவ்வளவு தொலைவோ, அந்த அளவுக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது. சொத்துவரியை உயர்த்த ஊர் மக்கள் வாக்கெடுப்பில் மறுத்த இடங்களில் இன்னும் அதிகம். காரணம் எளிது. உள்ளூர்க்காரருக்கு வாக்கு இருக்கிறது, நீதிமன்றம் பக்கத்தில் இருக்கிறது. நான்கு மணி நேரம் தள்ளி இருப்பவர் வரமாட்டார், பணம் மட்டும் வரும். அந்த நான்கு மணி நேரத்தை வைத்துத்தான் இந்தக் கணக்கே ஓடுகிறது. அதனால் தாமிரபரணிக்காரன், தயவுசெய்து போய் வாருங்கள்.

வெம்பிளி வாசகன் | லண்டன்

இது அமெரிக்காவில் மட்டும் பிறந்த வழக்கம் இல்லை என்பதற்காக ஒரு சேதி. இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் 20 மைல் வரம்பு விதித்ததும், காவலர்கள் புதருக்குள் நிறுத்துக்கடிகாரத்தோடு ஒளிந்திருந்து பிடித்தார்கள். அதை முன்கூட்டி எச்சரிக்கவே 1905-ல் ஓட்டுநர் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். இன்றும் சாலையோர உதவிக்கு வரும் ஏ.ஏ. அதுதான். அதன் ஆட்கள் சைக்கிளில் ரோந்து போய் எச்சரிப்பார்கள். 1910-ல் அப்படி எச்சரிப்பது குற்றம் என்று தீர்ப்பு வந்தது. உடனே முறையை மாற்றினார்கள். சங்கச் சின்னம் மாட்டிய வண்டியைக் கண்டால் ரோந்து ஆள் சல்யூட் அடிப்பான். அடிக்காவிட்டால் முன்னால் பொறி இருக்கிறது என்று பொருள். சல்யூட் அடிக்காததற்கு யாரைத் தண்டிக்க முடியும்?

தாமிரபரணிக்காரன் | அட்லாண்டா

நேற்று போய் வந்தேன். எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், குறிப்பாக நெய்தலுக்கு.

தனியாகப் போகத்தான் நினைத்தேன். அப்பா கேட்கவில்லை. அவர் நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு ஆண்டு இருந்தவர். வயல் வரப்பில் சங்கிலி பிடித்த கை. "அளக்கப் போகிறாய் என்றால் நான் வராமல் எப்படி?" என்றார். நூறு அடி டேப் ஒன்று வாங்கிக்கொண்டோம். பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே இருந்தோம். பலகைக் கம்பத்தின் அடியில் நான் நுனியைப் பிடித்தேன். அவர் சாலையோரப் புல்லில் வளையாமல் நடந்து, ஒவ்வொரு நூறடிக்கும் ஒரு குச்சி நட்டார். தேவாலய வாசலில், காவல் வண்டி நின்ற இடத்தில், 212 அடி. அவர் நம்பவில்லை, மறுபடி ஒருமுறை எதிர்த்திசையிலிருந்து அளக்கச் சொன்னார். 212. தாளில் ஒரு வரைபடம் போட்டார்: பலகை, வாசல், வளைவு, வடதிசை அம்புக்குறி எல்லாம் வைத்து. ஒவ்வொரு குச்சியையும் நான் படம் எடுத்துக்கொண்டேன்.

நீதிமன்றம் என்பது நகர மன்றக் கூடமேதான். மடக்கு நாற்காலிகள், மூலையில் தண்ணீர்க் குடுவை. கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் 61 பெயர்களை எண்ணினேன். உள்ளே இருந்தது ஒன்பது பேர். எழுத்தர் பெயர்களைப் படிக்கத் தொடங்கினார். ஃபுளோரிடா முகவரி, பதிலில்லை. ஒஹாயோ முகவரி, பதிலில்லை. வட கரோலினா, பதிலில்லை. அநேகமாக எல்லோரும் பணம் கட்டிவிட்டவர்கள். பட்டியல் முடிய இருபது நிமிடம் ஆனது.

என் முறை வந்ததும் அரசு வழக்கறிஞரிடம் படங்களையும் வரைபடத்தையும் நீட்டினேன். 300 அடி விதியைச் சொன்னேன். அவர் வரைபடத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். யார் வரைந்தது என்று கேட்டார். பின் வரிசையில் இருந்த அப்பாவைக் காட்டினேன். டிக்கெட் எழுதிய காவலரை அழைத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். வழக்கை விலக்கிக்கொள்வதாக நீதிபதியிடம் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் அப்பா கேட்டார்: "அந்த ஐம்பத்திரண்டு பேரும் அதே வாசலில் பிடிபட்டவர்களா?" எத்தனை பேர் அங்கே பிடிபட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி விடவில்லை. திரும்பும் வழியில் அந்த இடத்தைக் கடந்தபோது இரவு எட்டு மணி. வாசலில் அதே வண்டி நின்றிருந்தது, விளக்கை அணைத்துக்கொண்டு.

நெய்தல் | சவானா

மனம் நிறைந்தது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ராடார் உரிமத்தைக் கொடுத்த துறைக்கு அதை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. அபராத வருவாய் அந்தக் காவல் துறையின் பட்ஜெட்டில் 35 சதவீதத்தைத் தாண்டினால், ராடாரைப் பாதுகாப்புக்காகப் பயன்படுத்தவில்லை என்றே சட்டம் அனுமானிக்கும். வரம்புக்கு மேல் 20 மைலுக்கு அதிகமாகப் போனவர்களின் அபராதம் அந்தக் கணக்கில் சேராது. ஊரின் பட்ஜெட் பொது ஆவணம்தான், கேட்டு வாங்கலாம். அளவையும் படங்களையும் இணைத்து ஒரு புகார் எழுதுங்கள். ஒருவரின் கடிதத்தைவிடப் பத்துப் பேரின் கடிதத்துக்கு எடை அதிகம்.

தாமிரபரணிக்காரன் | அட்லாண்டா

கடிதம் எழுதிவிட்டேன். அப்பாவின் வரைபடத்தை நகலெடுத்து இணைத்திருக்கிறேன். மூலத்தைக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. நாளைக் காலை பதிவுத் தபாலில் போகிறது. கடந்த ஓராண்டுக்குள் தெற்கு ஜார்ஜியாவில், ஊர்ப்பலகையைத் தாண்டியதும் வலப்பக்கத்தில் வெள்ளைத் தேவாலயம் இருக்கும் இடத்தில் டிக்கெட் வாங்கியவர்கள், பணம் கட்டியிருந்தாலும் பரவாயில்லை, எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். தேதியும் நேரமும் போதும். அடுத்த சனிக்கிழமைவரை காத்திருந்து, எல்லாவற்றையும் இரண்டாவது கடிதத்தில் சேர்த்து அனுப்புகிறேன்.